பதின்மூன்றாம் வயதில் ஒரு மௌனம்

(திருவிழாவை முன்னிட்டு நடைபெற்ற பெற்றோர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வளரிளம் பருவம் 10 முதல் 19 வயது வரை என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. அதில் ஓராண்டைப் பற்றி மட்டுமே பேச விழைகிறேன். நம் பிள்ளை தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும் ஆண்டு அது.

ஆறாண்டுகள் தாய்மொழியில் பயின்ற பிள்ளை, பாடங்கள் பெரும்பாலும் மலாய்மொழியில் நடக்கும் வகுப்பில் போய் அமர்கிறது. முதல் ஆளாய்க் கை உயர்த்தியவன், ஒரு சொல் பிழைத்தால் நகைப்பார்களே என்றஞ்சி வாய் மூடுகிறான். அதே வேளையில் குரல் உடைகிறது. பெண்பிள்ளை பூப்பெய்துகிறாள், நாம் சடங்குக்கு மண்டபம் தேடுகிறோம். அவள் மனத்தில் ஓடுவதைக் கேட்பார் யார்?

உணர்ச்சியை எழுப்பும் மூளைப் பகுதிகள் முந்திக்கொள்கின்றன. விளைவை எண்ணி நிதானிக்கும் முன்பகுதி முதிர 25 வயதளவும் ஆகின்றது. இரவில் உறக்கம் வரும் நேரமும் இயல்பாகவே பிந்துகிறது. ஆகவே காலையில் எழ மறுப்பதெல்லாம் சோம்பலன்று. (கைப்பேசியின் பங்கையும் மறுப்பதற்கில்லை.)

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், தேவாரம் பாடிப் பரிசு பெற்ற ஒரு மாணவன் முதற்படிவம் வந்தான். ஆறு மாதம் பின்வரிசையில் பேசாதிருந்தான். "திமிர்" என்று அவன் தந்தையிடம் நானே கூறினேன். வீட்டில் அடி விழுந்தது. மறுவாரம் அவன் வரவில்லை. பேருந்து நிலையத்தில் பெரிய பையன்கள் அவனைச் சேர்த்துக்கொண்டனர். குண்டர் கும்பல் முதலில் கத்தியைக் கொடுப்பதில்லை, "சாப்பிட்டாயா தம்பி?" என்றுதான் கேட்கிறது. அக்கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.

சில பிள்ளைகளின் மௌனம் இன்னும் ஆழமானது. உணவு வெறுத்து, நண்பரை விலக்கி, "நான் இருந்தென்ன?" என்று சொல்லும் பிள்ளையிடம் நேராகவே கேளுங்கள், கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாய் முளைத்துவிடாது. ஆலோசக ஆசிரியரையோ அரசாங்க மருத்துவமனையையோ நாடுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கருதிய சட்டப்பிரிவு மலேசியாவில் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. வழக்கு வருமென்று அஞ்சி மறைக்க வேண்டியதில்லை.

நிர்வாகத்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைத்தேன், இசைந்துள்ளனர். இனி வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் அன்னதானக் கூடத்தில் ஒரு மேசை இடைநிலைப்பள்ளி மாணவருக்கு ஒதுக்கப்படும். இவ்வழியைக் கடந்துவந்த அண்ணன்மார், அக்காமார் சிலர் அங்கே அமர்ந்திருப்பர். தேநீர் உண்டு, சொற்பொழிவு கிடையாது. என்னையும் பேச விடமாட்டார்களாம்!