பெயரும் செல்லப்பெயரும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் குழந்தைகளுக்குப் பெயரிடுதலும், அப்பெயரைத் தொடர்ந்து வரும் செல்லப்பெயர் பட்டப்பெயர்களுமாம். கல்வி நிதி, மாணவர் விடுதி, கலியாணச் செலவைக் குறைத்தல் முதலிய பெரிய காரியங்களை ஆலோசிக்கவேண்டிய சங்கத்தில் இச்சிறு விஷயம் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். நிலமும் நகையும் உள்ளவன்தான் தன் மக்களுக்குக் கொடுக்க முடியும். கொடுத்த பின்னும் அவை கைமாறிப் போகலாம். பெயரோ ஏழையும் செல்வனும் ஒன்றுபோலத் தம் மகவுக்கு அளிக்கக்கூடிய சொத்து. ஒரு காசும் செலவில்லாதது. வாழ்நாள் முழுதும் கூட வருவது. வாழ்நாள் முடிந்த பின்னும் நிற்பது. அச்சொத்தை நாம் எவ்வளவு யோசனையோடு கொடுக்கிறோம் என்பதே இன்றைய கேள்வி.

பேரன் என்னும் சொல்

பேரன், பேத்தி என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களின் பொருளைச் சற்றுக் கவனியுங்கள். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டி பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. இவையே பேச்சில் பேரன் என்றும் பேத்தி என்றும் மருவின. ஆகவே மூத்தோர் பெயரை இளையோர்க்கு இடுதல் என்ற வழக்கம் நமது முறைப்பெயரிலேயே பதிந்து கிடக்கிறது. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர், பெண்மக்களுக்கும் அவ்வாறே பாட்டிமார் பெயர் என்பது பல குடும்பங்களில் எழுதாத சட்டமாக இருந்து வந்தது.

ஆனால் இதில் ஒரு சங்கடமும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பதும் அதே குடும்பங்களின் சட்டம். அப்படியாயின், தொட்டிலிற் கிடக்கும் மகனைத் தாய் எவ்வாறு அழைப்பாள்? "அடே சுப்பையா, இங்கே வாடா" என்று அவள் கூப்பிட்டால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை அழைத்ததாக ஆகுமன்றோ? குறும்பு செய்த பிள்ளையைப் பெயர் சொல்லி வைய நேர்ந்தாலோ அதனினும் மோசம்! ஆதலால் ஆண்பிள்ளை ராசா, துரை, ஐயா, தம்பி, அப்பு என்றும், பெண்பிள்ளை பாப்பா, ஆத்தா, தங்கம், அம்மாளு என்றும் அழைக்கப்பட்டார்கள். செல்லப்பெயர் என்பது வெறும் விளையாட்டாக மட்டும் வந்ததன்று. மரியாதையும் பாசமும் ஒரே வீட்டில் முட்டிக்கொள்ளாமல் இருக்க நம் பாட்டிமார் கண்ட உபாயமும் ஆகும். ஏட்டிற்கு ஒரு பெயர், வாய்க்கு ஒரு பெயர் என்று ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பெயர்கள் இருந்தன.

சுருங்குதல் புதிதன்று

பெயரைச் சுருக்கி அழைத்தல் இக்காலத்துச் சோம்பல் என்று பெரியோர் சிலர் வருந்துகிறார்கள். அவர்கள் வருந்த வேண்டுவதில்லை. ஆதன், பூதன் என்ற இயற்பெயர்கள் தந்தை என்னும் முறைப்பெயரோடு சேருங்கால் ஆந்தை, பூந்தை எனக் குறுகும் என்று தொல்காப்பியமே இலக்கணம் வகுத்திருக்கிறது. கோப்பெருஞ்சோழனின் உயிர்த்தோழர் பிசிராந்தையார் பெயரிலுள்ள ஆந்தை என்பது அவ்வாறு வந்ததே என்று பொருள் கொள்வாரும் உளர். அந்த ஆதன் என்ற பெயர் ஏட்டில் மட்டும் இருந்ததன்று. கீழடியில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த பானை ஓடுகளிலும் அது பொறிக்கப்பட்டிருப்பதைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் காண்கிறோம். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரும் ஒருவன் தன் பானையின்மேல் தன் பெயரைக் கீறி வைத்தான். அன்றும் தமிழர் நீண்ட பெயரைக் குறுக்கி வழங்கினர்.

செல்லப்பெயரே உலகறிந்த பெயரான வரலாறும் உண்டு. 1855ஆம் ஆண்டில் பிறந்த மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் இளமையில் வேங்கடராமன் என்ற பெயரையே உடையவர். வீட்டில் சாமா என்று அழைப்பார்கள். 1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங் கேட்கச் சேர்ந்த பின்னர், வேறு பெயர் உண்டோ என்று ஆசிரியர் வினவ, மாணாக்கர் வீட்டுப் பெயரைச் சொன்னார். சாமா என்பது சாமிநாதன் என்பதன் மரூஉ. ஆசிரியர் அப்பெயரையே விரும்பி வழங்கலானார். சங்க நூல்களை அச்சிற் பதித்துத் தமிழர்க்கு மீட்டளித்த பெருமகனார் இன்று அப்பெயராலேயே போற்றப்படுகிறார். திருவண்ணாமலையில் வாழ்ந்த வேங்கடராமன் என்னும் துறவிக்கு 1907ஆம் ஆண்டில் காவ்யகண்ட கணபதி முனிவர் ரமணர் என்று பெயர் சூட்டியதும், அது அவருடைய இளமைப் பெயரின் ஒரு பகுதியே என்பதும் நம்மிற் பலர் அறிந்தவை. எட்டயபுரத்துச் சுப்பிரமணியன் வீட்டாருக்குச் சுப்பையா, உலகத்தாருக்குப் பாரதி.

இவற்றால் நாம் அறிவது யாது? பெயரிடுவோர் ஒரு பெயரை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. அது தேய்ந்து சுருங்கி வரப்போகும் பெயரையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். பின்னதைப் பற்றி யோசியாமல் முன்னதை மட்டும் யோசிப்பதே நாம் செய்யும் தவறு.

பழைய பெயர்களின் அழகு

பழம்பெயர்கள் நீளமானவை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று இளந்தாய்மார் கூறுவதை அடிக்கடி கேட்கிறோம். அவர்கள் கூறுவதை அலட்சியம் செய்தலாகாது. ஆயினும் இதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். நம் பழம்பெயர்களில் பல ஊரையும் உடன் சொல்பவை. காந்திமதி என்றால் திருநெல்வேலி. கோமதி என்றால் சங்கரன்கோயில். குழல்வாய்மொழி என்றால் திருக்குற்றாலம். அபிராமி என்றால் திருக்கடவூர். நீலாயதாட்சி என்றால் நாகப்பட்டினம். கற்பகம் என்றால் மயிலாப்பூர். ஏகாம்பரம் என்றால் காஞ்சிபுரம். பிழைப்பை நாடிச் சென்னைக்கும் பம்பாய்க்கும் மலேயாவுக்கும் குடிபெயர்ந்தவர்கள் ஊரை விட்டுச் சென்றார்கள். பெயரில் ஊரை எடுத்துக்கொண்டு சென்றார்கள். நீளம் என்ற குறைக்கும் அப்பெயர்களுக்குள்ளேயே பரிகாரம் இருக்கிறது. காந்திமதிக்குள் மதி இருக்கிறாள். குழல்வாய்மொழிக்குள் குழலி இருக்கிறாள். நீலாயதாட்சிக்குள் நீலா இருக்கிறாள். இவற்றிலும் இனிய புதுப்பெயரைப் புத்தகக்கடையில் விற்கும் எந்தப் பெயர்ப் பட்டியலில் தேடிக் காணப்போகிறோம்?

இனி, நட்சத்திர எழுத்தையும் எண் சோதிடத்தையும் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பாதத்துக்கு ஓர் எழுத்தாக நான்கு எழுத்துக்கள் வகுத்திருக்கிறார்கள். அப்பட்டியல் வடமொழி எழுத்துமுறையை ஒட்டியது. திருவாதிரையின் ஒரு பாதத்துக்கு 'ங' வருகிறது. 'ங' என்று தொடங்கும் பெயருக்குத் தமிழர் எங்கே போவது? சோதிடத்தில் நம்பிக்கையுள்ளோர் அவ்வெழுத்தில் ஒரு ஜாதகப் பெயரை வைத்துக் காதில் ஓதிவிட்டு, அழைக்கும் பெயரை வேறாக வைத்தல் பல குடும்பங்களில் உள்ள வழக்கமே. அதுவன்றி, எழுத்துக்காகவும் எண்ணுக்காகவும் பொருளில்லாத ஒலிக்கூட்டத்தைப் பெயராக்கி, ஆங்கிலத்தில் எழுதுங்கால் ஓரெழுத்தை இரட்டிப்பதும் ஈரெழுத்தை நுழைப்பதும் செய்தால் வரும் பயன் யாது? பாட்டிக்கு அப்பெயர் வாயில் நுழைவதில்லை. ஆசிரியர் ஒருவிதமாகவும் எழுத்தர் வேறுவிதமாகவும் எழுதுகிறார்கள். இறுதியில் அக்குழந்தையும் பாப்பு என்றோ குட்டி என்றோதான் அழைக்கப்படுகிறது.

மற்றொரு சிக்கலும் இக்காலத்தில் தோன்றியிருக்கிறது. முன்னே வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளைகள். பாட்டன்மார் இருவர், பாட்டிமார் இருவர் பெயரும் இடம் பெற்றுவிடும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தையே. ஒரு குழந்தைக்கு நான்கு மூத்தோர் பெயரும் போட்டியிட்டால் பெயர்சூட்டு விழா பஞ்சாயத்தாக முடிகிறது. சம்பந்திகள் முகங் கொடுத்துப் பேசாமற் போன வீடுகளையும் நாம் பார்த்திருக்கிறோம். இதற்கு வழியில்லாமற் போகவில்லை. பாட்டன் சுப்பிரமணியன் எனில் பேரன் குமரனாகவோ செந்திலாகவோ முருகவேளாகவோ இருக்கலாம். பாட்டி பார்வதி எனில் பேத்தி உமையாளாக இருக்கலாம். தெய்வம் ஒன்றே, நினைவும் ஒன்றே, ஒலி மாத்திரம் காலத்துக்கேற்ப மாறும்.

நெஞ்சைச் சுடும் பெயர்கள்

இனிச் சொல்லப்போவதுதான் இப்பிரசங்கத்தின் முக்கியமான பகுதி.

ஓர் ஊரில் பத்துச் சுப்பையாக்கள் இருந்தால் அடையாளத்துக்குப் பட்டப்பெயர் வருவது இயல்பு. ரங்கூன் சுப்பையா, கணக்குச் சுப்பையா, மேலவீட்டுச் சுப்பையா என்பவற்றில் பழுதில்லை. ஆனால் நெட்டை, மொட்டை, கறுப்பன், நொண்டி, திக்குவாயன் என்று உடற்குறையையும் நிறத்தையும் வைத்து வருபவை வேறு வகை. இவை தெருப்பிள்ளைகள் வைத்தவை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் பல, வீட்டுக் கூடத்திலேயே பிறந்தவை. மாமனோ அத்தையோ பிரியத்தோடு சொன்ன கேலியை அண்ணன் பள்ளிக்குக் கொண்டு செல்கிறான். பள்ளி அதை முப்பது வருஷம் காப்பாற்றி வைக்கிறது. கலியாணப் பந்தலிலும் அப்பெயரைச் சொல்லிச் சிரிப்போர் உண்டு. மாப்பிள்ளையும் கூடவே சிரிக்கிறார். அச்சிரிப்பு அகத்திலிருந்து வருகிறதா என்று யாராவது கேட்டதுண்டா?

குப்பன், குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள், மண்ணாங்கட்டி என்ற பெயர்களைக் கண்டு இக்காலத்தார் முகஞ் சுளிக்கிறார்கள். அவற்றின் வரலாறு வேறு. முன்பிறந்த பிள்ளைகள் தங்காமற் போகப் பயந்த தாய், பின்பிறந்ததைக் குப்பையிற் புரட்டியெடுத்தும், பிச்சையாகப் பெற்றதென்று பாவித்தும், காலன் கண்ணில் இது பொருளாகப் படாதிருக்கட்டும் என்று வைத்தவை அவை. வெளியே இகழ்ச்சி, உள்ளே பாசம்.

ஆனால், வரிசையாகப் பெண்கள் பிறந்த வீட்டில் அடுத்துப் பிறந்த பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்றும், வேண்டாம் என்றும் இட்ட பெயர்களை அவ்வாறு சமாதானம் செய்ய இயலாது. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையே காரணம் என்பார்கள். குப்பன் என்ற பெயர் காலனுக்குச் சொன்ன பொய். வேண்டாம் என்ற பெயரோ குழந்தைக்கே சொன்ன வார்த்தை. பள்ளியில் வருகைப் பதிவின்போது ஒவ்வொரு நாளும் அவ்வார்த்தைக்கு அவள் எழுந்து நின்று 'உள்ளேன்' என்று விடை கூற வேண்டும். 'வேண்டாம்!' 'உள்ளேன் ஐயா!' இதனினும் கொடிய உரையாடல் ஒன்றை ஒரு சிறுமியின் வாயில் யார் வைக்க முடியும்?

இது நம் நாட்டில் மாத்திரம் உள்ள கேடன்று. மகாராஷ்டிரத்துச் சதாரா மாவட்டத்தில் வேண்டாதவள் என்று பொருள்படும் நகூசா என்ற பெயரைச் சுமந்த 285 பெண்களுக்கு, 2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மாவட்ட அதிகாரிகளே ஒரு விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினார்கள். தாங்கள் விரும்பிய பெயரை அவர்கள் ஏற்றார்கள். ஒரு மாவட்டம் செய்ததை ஒரு சங்கம் செய்ய முடியாதா?

செய்யத்தக்கவை

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்; பெயரை அன்றே எழுதிவிட வேண்டுமென்பதில்லை. 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், பின்னர் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைப் பதியலாம். ஆகவே அவசரத்தில் வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுக்க வேண்டுவதில்லை. வயது வந்தோர் பெயரை மாற்றிக்கொண்டு அரசிதழில் வெளியிடவும் வழியுண்டு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு முதலியவற்றுக்கு வயதையும் பிறந்த இடத்தையும் காட்டப் பிறப்புச் சான்றிதழே ஆதாரமாதலின், அதில் எழுதும் எழுத்து ஒவ்வொன்றையும் சரிபார்த்தல் முன்னிலும் அவசியமாகிறது.

ஆகவே சங்க அங்கத்தினர்களிடம் நாம் வேண்டிக்கொள்வன நான்கு.

முதலாவது, பெயர்சூட்டு நாளுக்கு முன்னரே இருவழிப் பெரியோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஏட்டுப் பெயரையும் வீட்டுப் பெயரையும் ஒருங்கே தீர்மானித்தல். குழந்தையைச் சுமந்து பெற்றவளின் சொல்லுக்கு அச்சபையில் முதலிடம் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, தீர்மானித்த பெயரைத் தெருவில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தல். கோபத்தில் எப்படி ஒலிக்கும், அவசரத்தில் எப்படிக் குறுகும், பாட்டி வாயில் எப்படி வரும், எழுபது வயதுக் கிழவருக்கும் அது பொருந்துமா என்று ஆராய்தல்.

மூன்றாவது, உடலையும் நிறத்தையும் சுட்டும் கேலிப்பெயரை வீட்டில் ஒருவரும் தொடங்காதிருத்தல். தொடங்கினவர் எவ்வளவு பெரியவராயினும் அன்போடு தடுத்தல்.

நான்காவது, நம் குடும்பங்களில் போதும்பொண்ணு முதலிய பெயரோடு வாழும் பெண்கள் விரும்பினால், அவர்கள் விரும்பும் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய விண்ணப்பங்களை எழுதித் தந்து, கட்டணத்தையும் சங்கமே ஏற்றல். கட்டாயம் கூடாது. அப்பெயரையே தம் உழைப்பால் பெருமைப்படுத்திய மூதாட்டிகளும் உளர். அவர்கள் பெயர் அவர்களுடையது.

பெயர் எடுத்தான், பெயரைக் கெடுத்தான், பெயர் சொல்லும் பிள்ளை என்றெல்லாம் நாம் பேசுகிறோம். பிள்ளை நம் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், காப்பாற்றத்தக்க பெயரை அவனுக்கும் அவளுக்கும் கொடுத்திருக்கிறோமா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோமாக. நாலாவது வேண்டுகோளைத் தீர்மானமாகக் கொண்டுவர நிர்வாக சபையார் இசைவார்கள் என்று நம்புகிறோம்.