புலி முத்திரையும் தர முத்திரையும்



மன்னார்க் கரையிலே நறுவிலிக்குளம் என்றோர் ஊர். அவ்வூர்த் தாயொருத்தி பொழுது சாயும் வேளையில் கடைக்குச் சென்று ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நிறத்தைப் பார்க்கிறாள், மணத்தை முகர்கிறாள், மனநிறைவோடு வீடு திரும்புகிறாள். கண்ணுக்கும் மூக்கிற்கும் எட்டாத நஞ்சு அதில் இருக்குமாயின் அவள் என் செய்வாள்?

இது வெறுங் கற்பனை அன்று. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இலங்கைக்கு இறக்குமதியான சுத்திகரிக்கப்படாத தேங்காயெண்ணெயில் அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சு கண்டறியப்பட்டது. கொப்பறை நன்கு உலராமல் ஈரத்தோடு கிடந்தால் அதன்மேல் பூஞ்சணம் படரும். அப்பூஞ்சணம் பிறப்பிக்கும் நஞ்சே இது. ஈரலிற் புற்றுநோயை விளைவிக்க வல்லது. அடுப்பின் சூட்டில் எளிதில் அழியாதது. ஆய்வுகூடச் சோதனையே அதனைக் காட்டிக்கொடுத்தது. அவ்வெண்ணெயை நாட்டிலிருந்து திருப்பி அனுப்புமாறு அரசு பணித்தது.

மன்னார்க் கரைக்கு இறக்குமதி புதிதன்று. மாதோட்டத் துறையிருந்த மாந்தையில், சீனத்திலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த மட்கலங்களின் துண்டுகள் அகழ்வாய்விற் கிடைத்துள்ளன. கடலுக்கு அப்பால், காவிரிப்பூம்பட்டினத்திலே சோழனின் சுங்கத்தார் பண்டப் பொதிகள்மீது புலி முத்திரை பொறித்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அம்முத்திரை அரசனது காவலைக் காட்டியது. பொதியினுள் இருந்த பண்டத்தின் குணத்தைக் காட்டவில்லை.

குணத்திற்கும் முத்திரை வேண்டும் என்பது இக்காலத்து அறிவு. இலங்கையில் 1964ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அடிகோலிற்று. பின்னர் 1984ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் அமைந்தது. தகரத்தில் அடைத்த மீன், மின்செருகி, சீமெந்து போன்ற குறித்த சில பொருள்கள், இறக்குமதியாகும்போது தரப் பரிசோதனைக்கு உட்படுகின்றன. ஏற்கத்தக்க சான்றிதழை இறக்குமதியாளர் காட்டுதல் வேண்டும். இன்றேல் மாதிரி எடுத்துச் சோதிக்கப்படும். தேறாத பண்டம் சந்தைக்கு வருதல் ஆகாது.

சான்றிதழ் பெறுவதை வீண்செலவு எனக் கருதும் வணிகரும் உளர். முன்னொருமுறை வந்த நல்ல சரக்கின் சான்று, இம்முறை வந்த சரக்கிற்குச் சாட்சியாகாது. சென்ற ஆண்டுக் கொப்பறை நன்கு உலர்ந்திருக்கலாம். இவ்வாண்டுக் கொப்பறை மழையில் நனைந்திருக்கலாம். ஆதலால், கப்பலேறுமுன் சோதித்துக்கொள்பவரே அறிந்த வணிகர். துறைமுகத்தில் மறுக்கப்பட்டுத் திரும்பும் சரக்கினால் முதலும் போகும், பேரும் போகும்.

வாங்குவோருக்கும் ஒரு கடமை உண்டு. முத்திரையையும், இறக்குமதியாளரின் பெயர் முகவரியையும், காலாவதித் திகதியையும் பார்த்து வாங்குதல் வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். குறை கண்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்னும் எண்ணில் முறையிடலாம்.

நறுவிலிக்குளத்துத் தாயிடம் ஆய்வுகூடம் இல்லை. அவளுக்காகச் சோதிக்க வேண்டியவர்கள், அந்தப் போத்தல் அவள் கைக்கு வருமுன்னரே சோதித்திருத்தல் வேண்டும். அவள் கொடுக்கும் காசு எண்ணெய்க்கு மாத்திரம் உரியதன்று; அந்த நம்பிக்கைக்கும் உரியது.