வகையைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

ஹைதராபாத்தின் மேற்கே கச்சிபௌலியில் உள்ள மென்பொருள் நிலையங்களில் பணிபுரியும் தமிழர் பலர். அவர்தம் பொழுதில் பெரும்பகுதி, தாம் புதிதாக எழுதுவதில் அன்று, பிறர் எழுதிவைத்த நிரலைப் படித்தறிவதிலேயே கழிகிறது. ஆதலின், நிரலின் நடை பற்றிச் சிறிது பேச விழைகிறேன்.

‘வந்தேன்’ என்றால் போதும். ‘நான்’ என்பதை விகுதியே காட்டிவிடும். தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்தோமல்லவா? நிரல்மொழிகளிலும் இவ்வசதி உண்டு. மாறியின் வகையை நாம் எழுதாவிடினும், வலப்பக்கத்தைக் கொண்டு கம்பைலர் அதனை உய்த்துணரும். இதற்கென ‘வார்’ என்னும் சொல் சி ஷார்ப்பில் 2007-லும் ஜாவாவில் 2018-லும் வந்தது.

இனி, ஜெனரிக் வகுப்பைப் பார்ப்போம். ‘லிஸ்ட்’ என்பது பொருள்களை வரிசையாக வைக்கும் பெட்டி. எதற்குரிய பெட்டி என்பதைக் கோண அடைப்புக்குள் குறிக்கும் முறை ஜாவாவில் 2004-ல் புகுந்தது. அதற்குமுன் எண்களின் பெட்டியில் பெயரை வைத்தாலும் தடுப்பாரில்லை. நிரல் ஓடும்போது, எடுக்கையில்தான் பிழை வெளிப்படும். பின்னர், இருபுறமும் எழுதுவது அலுப்பென்று, 2011-ல் வலப்பக்கத்து அடைப்பை வெறுமையாக விட இசைந்தார்கள். வடிவத்தால் அதற்கு ‘டயமண்ட்’ என்று பெயர்.

இங்கேதான் இடர். இடப்பக்கம் ‘வார்’, வலப்பக்கம் வெற்று டயமண்ட் என்று எழுதினால் இருபுறமும் மௌனம். கம்பைலர் அதைப் பிழையென்று சொல்வதில்லை. ‘ஆப்ஜெக்ட்’, அதாவது எப்பொருளும் ஆகலாம் என்று கொண்டுவிடுகிறது. ஊதியத் தொகைகளிடையே ஓர் ஊழியரின் பெயர் புகுந்தாலும் அது வாய் திறவாது. 2004-க்கு முந்தைய தொல்லை மீண்டும் வந்து சேர்கிறது! ஜாவாவுக்கென 2018-ல் ஸ்டூவர்ட் மார்க்ஸ் எழுதிய நடைக்குறிப்பும் இவ்விரண்டையும் சேர்த்தாள்வதில் எச்சரிக்கை வேண்டுமென்கிறது. ஒருபுறமேனும் வகை பேசவேண்டும்.

‘வார்’ சொல்லையே விலக்கிவிடலாம் என்பாரும் உளர். அது மிகையென்பது என் கருத்து. வலப்பக்கத்தில் வகை முழுமையாக நிற்கும்போது, அந்நீண்ட பெயரை இடப்பக்கத்திலும் எழுதுவது கண்ணுக்குச் சுமை.

ஆனால் வேறொரு செயற்கூறு தரும் விடையை ஏற்கும் இடம் அத்தகையதன்று. ‘வந்தது’ என்றால் வந்தது நாயா, கடிதமா, காய்ச்சலா? கம்பைலருக்குத் தெரியும், நள்ளிரவில் பழுது நீக்க அமர்ந்திருப்பவருக்குத் தெரியாது. அங்கே வகையை எழுதிவிடுங்கள். மாறிக்கும் ‘தரவு’ என்று பெயரிடாமல், ‘நிலுவைக் கணக்குகள்’ என்பதுபோல் உள்ளதைச் சொல்லும் பெயரை இடுங்கள்.