நூலக அட்டையில் எழுதப்பட்ட ஊழ்



காதலைப் பாடாத மொழி இல்லை. ஆயின், முன்பின் அறியாத இருவரை எதிர்ப்படச் செய்வது எது என்னும் வினாவிற்கு ஒவ்வொரு பண்பாடும் தனக்கென ஒரு விடையை வைத்திருக்கிறது. தமிழ் அகமரபு அதனைப் 'பால்' என்றது. தலைவனும் தலைவியும் காண்பது பாலின் ஆணையால் என்று தொல்காப்பியர் களவியலில் வகுத்தார். ஜப்பானியர் அதனை 'எனிஷி' என்பர். சிறுவிரலில் கட்டிய சிவப்பு நூலொன்று கண்ணுக்குப் புலப்படாமல் இருவரை இணைத்திருக்கிறது என்ற நம்பிக்கையும் சீனத்திலிருந்து அங்கே சென்று வேரூன்றியது. இந்நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, மென்மையாக நகைத்து, பின்னர் அதற்குப் புதியதொரு பொருள் கண்ட திரைப்படம் ஒன்று உண்டு. 'மிமி ஓ சுமசெபா' என்பது அதன் பெயர். 'செவி சாய்த்துக் கேட்டால்' என்று தமிழில் சொல்லலாம்.

ஜப்பானியர் 'அனிமே' என்று வழங்கும் அசைவூட்டப் படவகையைச் சார்ந்தது இது. ஜிப்லி படைப்பகம் தயாரித்து, 1995ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் வெளியிட்டது. அவ்வாண்டு ஜப்பானுக்கு நல்லாண்டாக அமையவில்லை. ஜனவரியில் கோபே நகரை நிலநடுக்கம் குலைத்தது. மார்ச்சில் டோக்கியோவின் சுரங்க ரயிலில் நச்சுவாயு பரப்பப்பட்டது. அத்தகைய ஆண்டின் கோடையில், பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி நூலகத்திற்குப் போய் வருவதைப் படமாக்கிக் காட்டினர். அயோய் ஹிராகி 1989இல் தொடராக வரைந்த சித்திரக் கதையிலிருந்து ஹயாவோ மியாசாகி திரைக்கதை எழுதினார். யோஷிஃபுமி கோண்டோ இயக்கினார்.

கதைத்தலைவியின் பெயர் ஷிசுகு. 'துளி' என்பது அப்பெயரின் பொருள். டோக்கியோவின் மேற்கே, குன்றுகளைச் சரித்து எழுப்பிய தாமா பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிறாள். தந்தை நூலகத்தில் பணிபுரிபவர். தாய் மேற்படிப்புப் படிப்பவர். உயர்நிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு நெருங்கியிருக்க, இவளோ கோடை விடுமுறை முழுவதும் கதைப் புத்தகங்களில் மூழ்கியிருக்கிறாள். ஒருநாள் மூன்று புத்தகங்களின் இரவல் அட்டைகளைப் பார்க்கிறாள். மூன்றிலும் இவளுக்கு முன்னரே ஒருவர் பெயர் எழுதியிருக்கிறார்: செய்ஜி அமசாவா. யார் அவர்? தான் நடக்கும் வழியிலெல்லாம் தனக்கு முன்னே நடந்து சென்றிருக்கும் அந்த வாசகர் மென்மையானவராக, அமைதியானவராக இருப்பார் என்று அவள் மனம் ஓர் உருவத்தைத் தீட்டிக்கொள்கிறது.

இங்கிருந்து நகைச்சுவை தொடங்குகிறது. இரயிலில் தனியாகப் பயணம் செய்யும் ஒரு கொழுத்த பூனையைப் பின்தொடர்ந்து போய், குன்றின் மேலுள்ள பழம்பொருட் கடை ஒன்றைக் கண்டடைகிறாள். தந்தைக்குக் கொண்டுபோன மதிய உணவை அங்கேயே மறந்து வைக்கிறாள். அதைக் கொண்டுவந்து கொடுக்கும் பையன், முன்னொரு நாள் இவள் எழுதிய பாடலைப் படித்துக் கேலி செய்த அதே பையன். கனவில் கண்ட வாசகரை ஒருபுறமும் கண்முன் நிற்கும் குறும்பனை மறுபுறமும் வைத்துக்கொண்டு அவள் படும் பாடு நெடுநேரம் நீள்கிறது. இருவரும் ஒருவரே என்று தெரியவரும்போது அவளுக்கு வருவது நாணமன்று, கோபம்! பெயரை ஏன் சொல்லவில்லை என்று சீறுகிறாள். நீ கேட்கவே இல்லையே என்கிறான் அவன்.

இதுவரை, ஊழ் இருவரைக் கூட்டுவித்த கதையாகவே இது தோன்றும். ஆனால் பள்ளியின் மேல்மாடியில், மழை ஓய்கின்ற வேளையில், மறைந்திருந்து ஒட்டுக்கேட்கும் வகுப்புத் தோழர்களுக்கு நடுவே, செய்ஜி ஓர் உண்மையை வெளியிடுகிறான். நெடுநாள் முன்பே அட்டைகளில் அவள் பெயரைக் கண்டவன் அவன். நூலகத்தில் அவளுக்கு அடுத்த இருக்கையில்கூட அமர்ந்திருந்தவன். அவளுக்கு முன்பே தன் பெயரை எழுதிவிட வேண்டும் என்பதற்காகவே எத்தனையோ புத்தகங்களைப் படித்தவன். அவள் ஊழென்று எண்ணியது ஒருவனுடைய உழைப்பு. கண்ணுக்குத் தெரியாத சிவப்பு நூலை அவன் தன் கையெழுத்தாலேயே நூற்றிருக்கிறான். ஒரு பெண்ணின் கவனத்தைப் பெறுவதற்காக ஒருவன் நூல்களைப் படித்துத் தீர்த்தான் என்பதைக் காட்டிலும் இனிய காதற் செய்தி வாசகர்களுக்கு வேறென்ன இருக்கக்கூடும்?

அந்த உழைப்பு படத்தில் ஒரு தொற்றாகப் பரவுகிறது. செய்ஜி வயலின் செய்யும் கைவினைஞனாக விரும்புகிறான். தன் திறனைச் சோதித்துப் பார்க்க இத்தாலியின் கிரெமோனா நகருக்கு இரண்டு மாதம் செல்லவிருக்கிறான். அவனை நேசிக்கத் தொடங்கிய கணத்திலேயே ஷிசுகுவுக்குத் தன் வெறுமை தெரிகிறது. அவன் தன் வழியைக் கண்டுவிட்டான், தான்? பிரிவுத் துயரால் மெலியும் தலைவியாக அவளை இப்படம் காட்டவில்லை. அவன் வரும்வரை ஆற்றியிருப்பதற்கு மாறாக, தானும் ஒரு கதை எழுதித் தன்னைச் சோதிப்பதென்று முடிவு செய்கிறாள்.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தியொன்று இவ்விடத்தில் உண்டு. பள்ளியின் பாடற்குழுவுக்காக ஓர் அமெரிக்கப் பாடலை அவள் முன்னரே மொழிபெயர்த்து வந்தாள். 1971இல் ஜான் டென்வர் பாடிப் புகழ்பெற்ற, மலைநாட்டுச் சொந்த ஊருக்குத் திரும்ப ஏங்கும் பாடல் அது. அவளுடைய முதல் மொழிபெயர்ப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. எல்லாரும் எழுதுவதைப் போல் இருக்கிறது என்று ஒதுக்குகிறாள். மலைகளை வெட்டிக் கற்காரை கொட்டிய தன் ஊரை எள்ளி, அதே மெட்டில் ஒரு பகடிப் பாட்டும் கட்டுகிறாள். செய்ஜி கேலி செய்தது அதைத்தான். இறுதியில், சொந்த ஊர் என்றால் என்னவென்று தனக்குத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, தன் மனத்தில் இருப்பதை மட்டும் எழுதுகிறாள். ஊர் திரும்பும் பாடல், ஊரை விட்டுத் தனியே நடக்கத் துணியும் பாடலாக மாறிவிடுகிறது. மூலத்திற்கு அது உண்மையாக இல்லாமல் இருக்கலாம். எழுதியவளுக்கு உண்மையாக இருக்கிறது. மரபாக வந்த ஏக்கத்தைத் தன் ஏக்கமென்று பாவனை செய்யாத இந்த நேர்மையே அவளுடைய முதல் கவிதை.

பழம்பொருட் கடையின் உரிமையாளர் நிஷி, செய்ஜியின் பாட்டனார். கடையில் பிரபு வடிவிலான பூனைப் பொம்மை ஒன்று இருக்கிறது. இளமையில் ஜெர்மனியில் அவர் வாங்கியது அது. அதன் இணைப்பொம்மையை ஒரு பெண் வாங்கி வைத்திருப்பதாக வாக்களித்தாள், போர் வந்தது, போருக்குப் பின் அவர் எவ்வளவோ தேடியும் அவளைக் காண இயலவில்லை. இளையோரிடம் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளும் ஊழ், முதியவரிடம் இரக்கமின்றி இருந்திருக்கிறது. படத்தின் இனிமை திகட்டாமல் இருப்பதற்கு இந்தக் கசப்பே காரணம். அப்பொம்மையைத் தலைவனாக்கிக் கதை எழுத ஷிசுகு இசைவு கேட்கிறாள். முதல் வாசகராகத் தன்னை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் விதிக்கும் நிபந்தனை.

எழுதும் துன்பத்தை இவ்வளவு நேராகக் காட்டிய படங்கள் சிலவே. அவள் உண்ண மறக்கிறாள், உறக்கம் இழக்கிறாள், தேர்வில் நூறு இடங்கள் பின்தங்குகிறாள். ஒளிவீசும் கல்லொன்றைக் கையில் எடுக்க, அது இறந்த குஞ்சுப் பறவையாக மாறிவிடும் கனவு வருகிறது. தமக்கை கண்டிக்கிறாள். தந்தையோ நெடுநேரம் எண்ணிப் பார்த்து இசைவு தருகிறார். பிறரைப் போலன்றி வாழ்வது கடினம், என்ன நேர்ந்தாலும் எவர் மீதும் பழி போட இயலாது என்னும் எச்சரிக்கையோடு தருகிறார். ஊழின் மேல்கூடப் பழி போட இயலாது என்பதே அதன் உட்பொருள்.

கதை முடிந்தவுடன் முதியவர் படிக்கிறார். மாலை இருளத் தொடங்கும்வரை அவள் வெளியே காத்திருக்கிறாள். அவர் சொல்லும் தீர்ப்பு இது: கதை முரடாக இருக்கிறது, முழுமை பெறவில்லை, செய்ஜியின் வயலினைப் போல, ஆயினும் நன்றாக இருக்கிறது. பாறைக்குள் பச்சை மணி உறைந்திருக்கும் பட்டை தீட்டாத கல்லொன்றை முன்னரே அவளுக்குக் காட்டியவர் அவர். அவள் தேம்பி அழுகிறாள். விருப்பம் மட்டும் போதாது, இன்னும் கற்க வேண்டும் என்பது எழுதிய பின்னரே தெரிந்தது என்கிறாள். அவர் அவளுக்குச் சூடான உடோன் சமைத்துக் கொடுக்கிறார். பாராட்டும் உண்மையும் உணவும் ஒரே மேசையில் பரிமாறப்படும் காட்சி அது.

இப்படத்தின்மேல் ஒரு தடையும் எழுப்பலாம். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய மறை அன்றோ? ஜப்பானிய நூலகச் சங்கம் 1954இல் ஏற்று 1979இல் திருத்திய விடுதலை அறிவிக்கை, வாசகரின் மறைகளை நூலகம் காக்கும் என்று உறுதி கூறுகிறது. பெயர் எழுதும் அட்டை அதற்கு மாறானது. அட்டைகள் ஒழிந்து கோட்டுக்குறி வரப்போவதைப் படத்திலேயே தந்தை சொல்கிறார், மகள் வருந்துகிறாள். தடை நேர்மையானதே. முன்பின் தெரியாத ஒருவர் நம் வாசிப்பைப் பின்தொடர்வது எப்போதும் இனியதாக இராது. ஆயின், செய்ஜி அவளைப் பின்தொடரவில்லை. முந்திச் சென்று, தன் பெயரை விட்டுவைத்துவிட்டு, அவளாகக் காணட்டும் என்று காத்திருந்தான். இந்நாணமே அவனைக் காக்கிறது.

இறுதிக் காட்சியில் ஊழ் மீண்டும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. எதிர்பார்த்ததற்கு ஒருநாள் முன்னரே திரும்பிய செய்ஜி, விடியற்காலையில் அவள் குடியிருப்பின் கீழே நின்று, அவள் பெயரை மனத்துக்குள் அழைக்கிறான். அதே கணத்தில் அவள் பலகணியைத் திறக்கிறாள். இருவரும் தத்தம் பாடுகளைப் பட்டு முடித்த பின்னரே இந்த ஒரு தற்செயலை மியாசாகி அவர்களுக்கு அருளுகிறார். மிதிவண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறத் திணறுகிறான். அவள் குதித்து இறங்கிப் பின்னாலிருந்து தள்ளுகிறாள். சுமையாக மட்டும் இருக்க அவளுக்கு விருப்பமில்லை. உச்சியில் ஞாயிறு எழ, திருமணம் செய்துகொள்வாயா என்று அவன் கேட்கிறான். பதினைந்து வயதை எட்டும் பிள்ளைகளின் பேச்சென்று நமக்கு நகை வருகிறது. அவர்கள் நகைக்கவில்லை.

2016இல் மகோதோ ஷின்காய் இயக்கிய 'கிமி நோ நா வா' படத்தில் இளங்காதலரை வால்மீனும் சிவப்புக் கயிறும் இணைத்தன. அது வானளாவிய ஊழ். கோண்டோ காட்டிய ஊழ் ஒரு சிறு அட்டையின் அளவே. அவர் இயக்கிய முழுநீளப் படம் இது ஒன்றுதான். 1998 ஜனவரி 21ஆம் நாள், தம் 47ஆம் வயதில் அவர் மறைந்தார். 'மின்மினிகளின் கல்லறை' உட்படப் பிறருடைய படங்களுக்கு உருவங்களை வரைந்து கொடுத்து, நெடுங்காலம் மற்றவர் பெயருக்குப் பின்னே நின்று உழைத்த கலைஞர் அவர்.

பத்தாண்டுகள் நிறைவுறும் ஓர் இலக்கிய வட்டத்திற்கு இப்படத்தில் எடுத்துச் செல்ல ஏதேனும் உண்டெனில், அது அந்த முதியவரின் மேசையே ஆகும். எழுதத் தொடங்கும் ஒவ்வொருவரும் தம் முதல் வாசகரை எதிர்பார்த்து இருளும் மாலையில் வெளியே காத்திருக்கின்றனர். முரடாக இருக்கிறது என்று சொல்லும் துணிவும், சொன்ன பின் ஒரு கிண்ணம் சூடான உணவை முன்வைக்கும் பரிவும் உடைய ஒருவர் அவர்களுக்குக் கிடைப்பது ஊழைப் பொறுத்தது என்று விட்டுவிடலாகாது. அதற்காகவே வட்டங்கள் கூடுகின்றன.