ஏரியும் செம்மண் பள்ளமும்

பயணம் என்றாலே தொலைதூரம் என்று பொருள் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கடல் கடந்து கண்டால் அது காட்சி. ஐந்து கல் நடந்து கண்டால் அது வெறும் ஊர். இந்த எண்ணத்தோடுதான் என் பேரனும் 2025-ஆம் ஆண்டு தை பிறந்த சில நாட்களில் பாகூருக்கு வந்து சேர்ந்தான். அமெரிக்காவில் பயிலும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்த பெரும் பள்ளத்தாக்கை, 446 கிலோமீட்டர் நீளமும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் உடைய அந்தப் பாலைநிலப் பிளவை, நேரில் கண்டவன். "தாத்தா, இங்கே பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டான். கேள்வியில் ஏளனம் இல்லை, அறியாமைதான் இருந்தது. அறியாமைக்கு மருந்து சொல்வதே நாற்பது ஆண்டுக் காலம் என் தொழிலாக இருந்தது. ஆகவே மறுநாள் விடியுமுன் வண்டியில் அனைவரும் புறப்பட்டோம்.

முதலில் எங்கள் ஊர் ஏரி. புதுவை வட்டாரத்தில் ஊசுடேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரியே. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே இதற்கு நீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்னும் இரு பெண்கள் தம் பொருளைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டினர் என்பது செவிவழிச் செய்தி. அதை வரலாறு என்று நான் சாதிக்கமாட்டேன். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இவ்வூரில் இயங்கிய கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டமை செப்பேட்டில் உள்ள செய்தி. ஆசிரியனாக இருந்தவன் இதைச் சொல்லாமல் மேலே செல்வது எப்படி?

கரையில் ஏறியதும் பேரனுக்கு ஏமாற்றம். நீர் கரை தொட்டுக் கிடக்கிறது. பறவையோ மிகக் குறைவு. நான்கைந்து நாமக்கோழிகள், நடுவில் முக்குளிப்பான்கள், பட்டமரத்தில் ஒரு கூழைக்கடா. "தண்ணீர் நிறைந்தால் பறவையும் நிறைய வேண்டாமா?" என்றான். நல்ல கேள்வி. இதைப் பெரியவர்களும் தவறாகவே எண்ணுகின்றனர்.

சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் முதலியவை ஆழ நீரில் மூழ்கி இரை தேடுவன அல்ல. தலையை நீருக்குள் கவிழ்த்து, வாலை மேலே தூக்கி, எட்டிய மட்டும் மேய்வன. முழங்கால் நீரே அவற்றுக்கு உணவுக்கூடம். நத்தைக் குத்தி நாரைக்கும் சேறும் நத்தையும் வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெங்கல் புயல் புதுவையில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அடுத்து வந்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பகுதி ஊர்களைச் சூழ்ந்தது. அவ்வாண்டு ஏரி நிரம்பியது. எனவே பறவைகள் வயல்களிலும் சிறு குட்டைகளிலும் சிதறிவிட்டன. உழவர் மதகு திறந்து பாய்ச்சப் பாய்ச்ச, மாசி மாதத்தில் ஓரங்கள் வெளிப்படும். அப்போது வாத்துகள் கூட்டமாக இறங்கும். உழவனின் நீர்க் கணக்கும் பறவையின் நீர்க் கணக்கும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஏரியை ஆண்டு முழுதும் தளும்ப வைப்பதே பறவைக்குச் செய்யும் தொண்டு என்று நினைப்பவர் இதைக் கருதுதல் வேண்டும்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் வயலோரத்தில் ஐம்பது அறுபது நத்தைக் குத்திகள் எழுந்தன. அதன்பின் தொலைநோக்கி என் கைக்குத் திரும்பவே இல்லை.

வில்லியனூரில் காலைச் சிற்றுண்டி. திருக்காமீசுவரர் கோயில் வாயிலில் ஒரு கும்பிடு. அங்கிருந்து வடமேற்கே திருவக்கரை சென்றோம். வக்கிரகாளியம்மனைத் தொழ முழுநிலா நாளில் திரள்வோர் பல்லாயிரவர். கோயிலுக்கு அருகிலேயே கல்லாய்க் கிடக்கும் மரங்களைக் காண வருவோர் சிலரே. பிரெஞ்சு இயற்கை அறிஞர் சொன்னேரா பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவற்றைப் பற்றி எழுதினார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகக் காத்து வருகிறது. இம்மரங்களின் வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள். புளி, புன்னை, கருங்காலி ஆகியவற்றின் குடும்பங்களைச் சார்ந்த மரங்கள் இவற்றுள் உண்டு.

மரம் கல்லானது எப்படி? பழைய வெள்ளங்கள் வேரோடு சாய்த்த மரங்கள் ஆற்றில் உருண்டு வந்தன. கிளையும் பட்டையும் வேரும் வழியிலேயே தேய்ந்தன. அதனால்தான் இங்கே அடிமரங்களை மட்டும் காண்கிறோம். மணல் மூடிய அவற்றினுள் நிலத்தடி நீரில் கரைந்த மணற்சத்து இழை இழையாகப் புகுந்து, மரப்பொருள் இருந்த இடத்தில் தான் அமர்ந்தது. வளையம் தெரிகிறது, நார் தெரிகிறது, தட்டினால் கல். பேரன் விரல் நீளத் துண்டொன்றைக் கைக்குள் மூடிக்கொண்டான். என் மருமகள் ஒன்றும் பேசாமல் அவன் விரல்களைப் பிரித்து, எடுத்த இடத்திலேயே அதை வைக்கச் செய்தாள். வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு துண்டு எடுத்தால் இரண்டு கோடி ஆண்டுச் சேமிப்பு ஓரிரு தலைமுறையில் தீரும் என்ற கணக்கை அவனே போட்டான்.

பிற்பகலில் கிழக்கே திரும்பி, இரும்பை, குயிலாப்பாளையம் பக்கத்துச் செம்மண் மேட்டுக்கு வந்தோம். இங்கேதான் அவன் வாய்விட்டு வியந்தான். தரை திடீரென்று பிளந்து, செங்குத்துச் சுவர்களும் கூம்புகளும் முகடுகளுமாக, அவன் கண்ட அரிசோனாவைச் சிறிது செய்து வைத்தாற்போல் விரிகிறது. ஆயினும் இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடலாகாது. கொலராடோ தன் பள்ளத்தாக்கை ஐம்பது அறுபது இலட்சம் ஆண்டுகள் அறுத்தது. இந்தச் செம்மண் பள்ளங்களில் பெரும்பாலானவை கடந்த இருநூறு ஆண்டுகளில் உண்டானவை. மேட்டில் இருந்த காட்டை வெட்டினர். எஞ்சிய புதரை ஆடுமாடு மேய்ந்தது. காப்பில்லாத மண்ணை ஐப்பசி கார்த்திகை மழை கடலுக்கு அடித்துச் சென்றது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுவது கோடை வெயிலால். இங்கே திரித்தது மனிதன் கை.

1968-இல் ஆரோவில் தொடங்கியபோது இம்மேடு பெரும்பாலும் பொட்டலாகவே இருந்தது. அங்கு குடியேறியவர்களும் சுற்று ஊர்த் தொழிலாளரும் மழைநீர் ஓடாதபடி வரப்பு கட்டினர். பள்ளங்களின் குறுக்கே தடுப்பணை எழுப்பினர். இலட்சக்கணக்கில் மரம் நட்டனர். இன்று பள்ளத்தின் ஒரு கரையில் அடர்ந்த சோலை, மறு கரையில் சிவந்த புண். "அழகாக இருக்கிறதே, இதையும் மரம் வைத்து மூடிவிடுவார்களா?" என்று பேரன் கேட்டான். என் மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காயம் அழகாயிருக்கலாம், ஆனால் அந்த மண் ஒரு காலத்தில் யாருக்கோ சோறிட்டது.

அந்தி வேளைக்கு ஊசுடேரி. சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் இதை நிரப்புகிறது. ஏறத்தாழ 800 ஹெக்டேர்ப் பரப்பு. பாதி புதுவை, பாதி தமிழ்நாடு. புதுவை தன் பகுதியை 2008-லும், தமிழ்நாடு தன் பகுதியை 2014-லும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. ஒரே நீருக்கு ஆறாண்டு இடைவெளியில் இரண்டு அறிவிப்புகள்! எனினும் வந்ததே நன்று. மேற்குக் கரையில் ஒளி மங்கும்போது நீலத் தாழைக்கோழிகள் கோரைக்குள் ஒதுங்கின. மீசை ஆலாக்கள் நீரைக் கீறிப் பறந்தன. பேரன் குறிப்பேட்டில் இருபத்து மூன்று பெயர்கள் எழுதியிருந்தான். அவற்றுள் இரண்டை நான் ஏற்கவில்லை, அவனும் விட்டுக்கொடுக்கவில்லை.

செல்ல விரும்பும் நேயர்களுக்கு ஒரு சொல். பறவைக்கு மாசித் தொடக்கம் தை மாதத்தினும் சிறந்தது. கரையில் இருக்கும்போது கதிரவன் முதுகுப்புறம் இருக்கட்டும். முழுநிலா நாளில் திருவக்கரைச் சாலையில் வண்டி நகராது. செம்மண் பள்ளத்தின் விளிம்பு அடியில் குடைந்திருப்பதால், குழந்தைகளை ஓரத்தில் நிற்கவிட வேண்டாம். உணவும் நீரும் வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். காகிதத்தையும் நெகிழிப் பையையும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள்.