எதிர்காற்றும் ஒரு பந்தயமும்

உடுமலைப்பேட்டைக்கு அருகில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் இளம் ஆசிரியனாகப் பணியேற்ற காலத்தில், என் இருப்பிடத்துக்கும் பள்ளிக்கும் இடையே 11 கிலோமீட்டர் தொலைவு. நாள்தோறும் சைக்கிளில்தான் செல்வேன். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்றை அறிந்தவர்களுக்கு அந்தப் பயணத்தின் அருமை தெரியும். எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர் நெடிய உருவினர், அகன்ற தோளினர். அவருடைய வண்டிக்குப் பின்னால் ஒரு முழம் விட்டு என் முன்சக்கரத்தை ஓட்டிச் சென்றால் காற்றின் கடுமை வெகுவாகக் குறைகிறது என்பதை இரண்டாம் நாளே நான் கண்டுகொண்டேன். ஒரு மாதம் இப்படியே சென்றது. ஒருநாள் அவர் வண்டியை நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தம்பி, நாளையிலிருந்து பாலம் வரைக்கும் நீங்கள் முன்னே போங்கள், பாலத்துக்கு அப்பால் நான் போகிறேன்” என்றார். குரலில் சினம் சிறிதும் இல்லை. ஆயினும் அன்று பள்ளி சென்று சேரும் வரை எனக்குத் தலை நிமிரவில்லை.

மாணவச் செல்வர்களே, அந்தக் காற்றைப் பற்றியும், அதன் காரணமாக இங்கிலாந்து நாட்டில் ஒரு தாய்க்கும் அவர் மகளுக்கும் இடையே ஒரு பந்தயத்தில் நேர்ந்ததைப் பற்றியுமே இன்று பேசப்போகிறேன்.

முதலில் காற்றைப் பார்ப்போம். சமநிலத்தில் விரைந்து செல்லும் சைக்கிளுக்குப் பெரும்பகை தரை அன்று, காற்றே. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்லச் செலவிட வேண்டிய திறனோ எட்டு மடங்காகும். இது பௌதிகம் படிக்கும் மாணவர் எவரும் தாளில் கணக்கிட்டுப் பார்க்கக்கூடியதே. முன்னே செல்பவர் காற்றைப் பிளந்து வழி செய்கிறார். அவரை ஒட்டிப் பின்னே செல்பவர் தம் உழைப்பில் நான்கில் ஒரு பங்கு, சில வேளை மூன்றில் ஒரு பங்கு கூட மிச்சப்படுத்துகிறார். ஆகவே பலர் கூடி ஓட்டும் சாலைப் பந்தயத்தில் மிக வலியவரே வெல்வார் என்று சொல்வதற்கில்லை. வலியவரின் முதுகுக்குப் பின்னால் பொறுமையோடு ஒதுங்கியிருந்து, இறுதி இருநூறு மீட்டரில் பாய்ந்து வெளிப்படுபவரும் வெல்லலாம்.

இங்கிலாந்தில் நெடுங்காலம் இத்தகைய பந்தயமே நடைபெறவில்லை. பொதுச் சாலையில் பலர் திரண்டு பந்தயம் விட்டால் காவல் துறையின் சினத்துக்கு ஆளாகி, சைக்கிள் ஓட்டுவதே தடைப்படுமோ என்று அஞ்சிய அந்நாட்டுச் சைக்கிள் சம்மேளனத்தார், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதை விலக்கிவிட்டனர். அதற்கு மாற்றாக எழுந்ததுதான் கடிகாரத்தோடு போட்டியிடும் முறை. ஒருவர் பின் ஒருவராக, ஒரு நிமிட இடைவெளியில் புறப்படுவார்கள். ஒருவர் மற்றவரை எட்டிப் பிடித்தால் விலகிக் கடந்து செல்ல வேண்டும். அவர் முதுகுக் காற்றில் ஒதுங்கக் கூடாது. பந்தயம் விடியற்காலையில் நடக்கும். கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு உடை அணிந்திருப்பார்கள். எந்தச் சாலை என்பதைக்கூட எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீட்டால் தமக்குள் சொல்லிக்கொள்வார்கள். ஏதோ களவுக்குப் போகிறவர்களைப் போல!

இந்தக் கட்டை உடைத்தவர் பெர்சி ஸ்டாலர்ட் என்பவர். 1942ஆம் ஆண்டு ஜூன் மாதம், உலகப் போரின் நடுவே, பெட்ரோல் பங்கீட்டால் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தபோது, வேல்ஸ் நாட்டின் லாங்காலன் என்னும் ஊரிலிருந்து உல்வர்ஹாம்ப்டன் வரை 40 பேரை ஒருசேரப் புறப்படச் செய்தார். காவலர்களே உடன் நின்று உதவினார்கள். சம்மேளனத்தாரோ அவரைப் பழைய விதியைச் சொல்லி விலக்கிவைத்தனர். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் அதே ஆண்டில் தனியே ஓர் அமைப்பைத் தொடங்கினர். இரு தரப்பும் 1959ஆம் ஆண்டில்தான் ஒன்றாயின. பிறகு இருவகைப் பந்தயமும் அந்நாட்டில் வேரூன்றின. இரண்டையும் தாங்கி நின்றவை ஊர்தோறும் இருந்த சிறு சைக்கிள் சங்கங்களே. அவற்றில் ஊதியம் பெறுபவர் எவரும் இல்லை. இந்த வாரம் பந்தயம் ஓட்டுபவர் அடுத்த வாரம் கையில் கடிகாரத்தோடு சாலையோரத்தில் நிற்பார். அதற்கடுத்த வாரம் தேநீர் ஆற்றித் தருவார்.

யார்க்‌ஷயர் மாநிலத்தில் உள்ள மார்லி என்னும் சிற்றூரின் சங்கத்தில் 1950களில் வந்து சேர்ந்தவர் பெரில் பர்ட்டன். 1937ஆம் ஆண்டு பிறந்தவர். பதினொரு வயதில் எழுத வேண்டிய தேர்வில் தவறினார். அந்த ஒரே தேர்வைக் கொண்டு குழந்தைகளை இருவேறு பள்ளிகளுக்குப் பிரித்தனுப்பும் முறை அந்நாளில் அங்கே இருந்தது. நான் அறிந்த கல்வி முறைகளில் அதைக்காட்டிலும் இரக்கமற்றது அரிது. அதை ஒட்டி மூட்டு வாதக் காய்ச்சலும் நரம்புக் கோளாறும் தாக்க, ஒன்பது மாதம் மருத்துவமனையிலும், பதினைந்து மாதம் உடல்தேறும் விடுதியிலும் கழித்தார். உடலை வருத்தும் செயல் எதுவும் ஆகாது என்றனர் மருத்துவர்கள். பின்னர் சார்லி பர்ட்டன் என்பவர் அவருக்குச் சைக்கிளை அறிமுகம் செய்து, கணவரும் ஆனார். 1956ஆம் ஆண்டு டெனிஸ் என்னும் மகள் பிறந்தாள்.

பகலில் பெரில் செய்த வேலை, சங்கத் தோழர் ஒருவரின் பண்ணையில் ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டுச் செடியை வளர்ப்பது. குனிந்து நிமிர்ந்து மண்ணை வெட்டும் கடும் உழைப்பு அது. பணம் தந்து ஓட்ட அழைத்த நிறுவனத்துக்கும் அவர் இசையவில்லை. சாலைப் பந்தயத்தில் 1960ஆம் ஆண்டிலும் 1967ஆம் ஆண்டிலும் உலக முதன்மை பெற்றார். ஓட்டரங்கில் ஐந்து முறை உலக முதன்மை பெற்றார். அவருடைய நாட்டில் பெண்களுள் ஆண்டின் தலைசிறந்த நேரப் போட்டியாளர் என்ற பட்டத்தை 1959 முதல் 1983 வரை, இடையறாமல் 25 ஆண்டுகள் வேறெவருக்கும் விடவில்லை. ஒலிம்பிக் பதக்கம் மட்டும் அவருக்கு இல்லை. அதில் பெண்களுக்குச் சைக்கிள் பந்தயம் வைக்கப்பட்டதே 1984ஆம் ஆண்டில்தான்!

1967ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆட்லி என்னும் ஊர்ச் சங்கத்தார் பன்னிரண்டு மணி நேரப் போட்டி நடத்தினர். அந்நேரத்துக்குள் யார் மிகுந்த தொலைவு செல்கிறார் என்பதே கணக்கு. ஆடவர்கள் முதலில் ஒவ்வொருவராகப் புறப்பட, பெண்கள் பின்னே புறப்பட்டனர். ஆடவருள் அன்று முன்னணியில் இருந்தவர் மைக் மக்நமாரா. பல மணி நேரம் சென்றபின் பெரில் அவரை எட்டிவிட்டார். ஒரு பெண் தம்மைக் கடந்து போகிறாள் என்ற நிலையில் அந்த மனிதருக்கு என்ன சொல்வது? பெரிலுக்கும் சொல் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து அதிமதுர மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார். அவரும் நன்றி கூறி வாங்கிக்கொண்டார். அன்று மக்நமாரா ஓட்டிய 276.52 மைல், ஆடவருக்குப் புதிய சாதனை. பெரில் ஓட்டியதோ 277.25 மைல். ஆடவர் சாதனையினும் பெண்ணின் சாதனை மேலாக நின்றது! பெண்களிடையே அந்தத் தொலைவை 2017ஆம் ஆண்டு வரை எவரும் மிஞ்சவில்லை.

தோற்கின்ற ஆடவருக்கு மிட்டாய் நீட்டிய அந்தக் கையே, ஒன்பது ஆண்டுகள் கழித்து, வேறொரு மேடையில் நீளவில்லை.

1976ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் பெண்களுக்கான சாலைப் பந்தய முதன்மைப் போட்டி. டெனிஸுக்கு அப்போது இருபது வயது. அவளும் நாடறிந்த வீராங்கனை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தாயும் மகளும் உலகப் போட்டிக்கு ஒரே அணியில் தேர்வு பெற்றிருந்தனர். பெரிலின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்தின் பின்னால் ஒதுங்கிக் காத்திருப்பது அவர் இயல்பில் இல்லை. எதிர்காற்றைத் தாமே ஏற்று, பின்னால் வருபவர் களைத்து உதிரும்வரை மிதித்து, தனியே பிரிந்து சென்று வெல்வார். அன்று அது முடியவில்லை. உடன் வந்த சிலர் உதிரவில்லை. அவர்களுள் மகளும் ஒருத்தி. முன்னே நின்று வேகத்தைக் காத்தவர் பெரும்பாலும் தாமே என்று பெரில் எண்ணினார். எல்லைக்கோட்டை நெருங்கியபோது மகள் பாய்ந்து முந்தினாள். டெனிஸ் முதலிடம், தாய் இரண்டாம் இடம்.

பரிசு மேடையில் தாய் மகளுக்குக் கை கொடுக்க மறுத்துவிட்டார்.

பார்த்தவர்கள் திகைத்தனர். பொறாமை என்றனர் சிலர். பத்தாண்டு கழித்து, 1986ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் பெரிலே அதைப் பற்றி எழுதினார். மகள் முன்னே வந்து தன் பங்கைச் செய்யவில்லை என்று தாம் கருதியதை மறைக்கவில்லை. அதற்காகத் தாம் நடந்துகொண்டது சரி என்று வாதாடவும் இல்லை.

தலைமை ஆசிரியனாக இருந்தபோது எத்தனையோ வழக்குகளைத் தீர்த்திருக்கிறேன். இதை என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பந்தய விதிகளில் முன்னே வந்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. முன்னே செல்பவர் முழங்கையை அசைத்துப் பின்னவரை அழைப்பது வழக்கம். வருவதும் வராததும் பின்னவர் விருப்பம். தன்னினும் வலிமை மிக்கவரோடு ஓட்டும் இளம்பெண் தன் ஆற்றலை இறுதிவரை காத்துவைத்தது அறிவுடைமையே அன்றிக் குற்றம் ஆகாது. டெனிஸ் முறையாகவே வென்றாள். கை மறுத்தது தாயின் பிழைதான்.

இவ்வளவும் தெளிவாகத் தெரிந்தும், அந்தத் தாயைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. ஒரு மாதம் ஓவிய ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் சுகமாகச் சென்றவன் நான். அவரும் ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. அந்த முப்பது நாளும் அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் வாய்விட்டுச் சொன்னதனால் எங்கள் நட்பு பிழைத்தது. சொல்லாமலே இருந்து, பிரிவுபசார விழாவில் எனக்குக் கை கொடுக்காமல் இருந்திருந்தால், காரணம் விளங்காமலே நான் அவரைக் குறைகூறித் திரிந்திருப்பேன்.

பெரில் 1996ஆம் ஆண்டு மே மாதம், தம் பிறந்தநாள் அழைப்பிதழ்களைச் சைக்கிளிலேயே கொடுத்துவரச் சென்றபோது வழியில் உயிர் நீத்தார். ஆனால் 1982ஆம் ஆண்டில் நடந்த ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். இருவர் ஓட்டும் நெடுவண்டி ஒன்று உண்டு. ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே அமர்வார்கள். முன்னவர் முதுகு பின்னவருக்குக் காற்றை மறைக்கும். ஆனால் இருவர் மிதியும் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒருவர் மிதிக்கும்போது மற்றவர் கால் சுழலாமல் இருக்க முடியாது. அந்த வண்டியில் தாயும் மகளும் ஏறி, 10 மைல் தொலைவை 21 நிமிடம் 25 வினாடியில் கடந்து, புதிய சாதனை படைத்தார்கள்.