கன்றுக்கும் பி.சி.ஜி.

காசநோய் மாட்டுக்கும் வரும். எத்தியோப்பியாவில் இது பெரிய தலைவலி. மேய்ச்சலில் திரிகிற நாட்டு மாடு ஓரளவு தாக்குப்பிடித்துவிடுகிறது. அடிஸ் அபாபாவைச் சுற்றி, பாலுக்காகக் கொட்டிலில் நெருக்கிக் கட்டி வளர்க்கும் ஹோல்ஸ்டீன் கலப்பின மாடுகளில்தான் நோய் அதிகம். ஒன்று இருமினால் பக்கத்து மாடு அந்தக் காற்றைத்தானே இழுத்தாக வேண்டும்!

கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. மாட்டின் கழுத்தில் இரண்டு இடத்தில் முடியைச் சிரைத்து, தோலின் தடிமனை அளந்துகொள்வார்கள். ஓரிடத்தில் மாட்டுக் காசநோய்க் கிருமியின் சத்து, மற்றதில் பறவைக் காசநோய்க் கிருமியின் சத்து. ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்து மறுபடி அளப்பார்கள். முதல் இடம் கூடுதலாகத் தடித்திருந்தால் தொற்று இருக்கிறது என்று பொருள்.

வசதியான நாடுகளில் அந்த மாட்டைக் கொன்றுவிட்டு அரசாங்கம் நஷ்டஈடு கொடுக்கும். இரண்டே மாட்டை நம்பிப் பிழைக்கிறவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? காய்ச்சாத பால் வழியாக மனிதருக்கும் பரவுகிற நோய் என்பதால் சும்மா விடவும் முடியாது.

அதனால் கன்றுகளுக்கு பி.சி.ஜி. போட்டுப் பார்த்தார்கள். ஆமாம், நம் குழந்தைகளுக்குப் போடும் அதே தடுப்பூசி! அது பிறந்ததே மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்துதான். பிரெஞ்சு விஞ்ஞானிகள் கால்மெட்டும் கெரானும் 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். எத்தியோப்பிய ஆய்வின் முடிவு 2024-ல் வெளியானது: நோய் பரவுவது ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே சிக்கல், ஊசி போட்ட மாடு பழைய கழுத்துச் சோதனையில் நோயாளி மாதிரியே காட்டும். அதற்காகவே இரண்டையும் பிரித்துக் காட்டும் புதுச் சோதனைகளை உருவாக்கி வருகிறார்கள்.